உப்பு இலாகாவில் ஒரு நாவலாசிரியர்

ஆபீஸ் உத்தியோகமும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பகை என்று சொல்லுவோர் உண்டு. நாள் முழுவதும் சரக்குப் பதிவேட்டில் கண்ணைப் புதைத்துவிட்டு வீடு திரும்பும் என் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு அச்சொல் ஆறுதலாகவே இருக்கும். ஒரு வரியும் எழுதாமலிருப்பதற்கு அதைவிட நல்ல சாக்கு ஏது? அ. மாதவையாவின் வரலாற்றை அறிந்த பின்னர் அந்தச் சாக்கை நான் கூறுவதில்லை.

திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளம் என்னும் கிராமத்தில் 1872-ஆம் ஆண்டு பிறந்தவர் மாதவையா. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று 1892-இல் பி.ஏ. தேறினார். சில காலம் அங்கேயே கற்பித்தபின் உப்பு இலாகாவில் அமர்ந்தார். அந்நாளில் உப்பின்மீது வரி உண்டு. உப்பளங்களைக் கண்காணிப்பதும், எடை சரிபார்ப்பதும், கள்ள உப்பு வெளியேறாமல் தடுப்பதும் அவ்விலாகாவின் கடமைகள். கடற்கரையோர ஊர்களில் வாசம். ஊருக்கு ஊர் மாற்றல். மாற்றல் உத்தரவு வந்த வீட்டின் நிலையை நம் காலனிக் குடும்பங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் இடையிலேதான் 'பத்மாவதி சரித்திரம்' பிறந்தது. முதற்பாகம் 1898-லும் இரண்டாம் பாகம் 1899-லும் வெளிவந்தன. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' ஆகியவற்றோடு சேர்த்து, தமிழின் முதல் மூன்று நாவல்களுள் ஒன்றாக இதனைப் போற்றுவர்.

ஆயினும் என் உள்ளத்தைத் தொட்டது வேறொரு நூல். இருபது வயதில் 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என்றொரு கதையைத் தொடங்கினார். அது பாதியில் நின்றுவிட்டது. வேறொருவராயின் அதை மறந்திருப்பர். இவரோ 1903-இல் அதனையே 'முத்துமீனாட்சி' என்ற பெயரில் முழு நூலாக்கினார். பால்ய விவாகத்தில் சிக்கி விதவையான ஒரு பிராமணப் பெண், தன் கதையைத் தானே உரைக்கிறாள். இறுதியில் மறுமணமும் செய்து கொள்கிறாள். தாம் பிறந்த குலத்தின் குறையைத் தாமே அச்சேற்ற அந்நாளில் எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அவர் கதைகளில் உபதேசம் சற்று மிகுதி என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் அதைப் பொறுத்துக்கொண்டு படிக்கலாம். 'தில்லை கோவிந்தன்', 'கிளாரிந்தா' முதலியவற்றை ஆங்கிலத்திலும் எழுதினார்.

1922-இல், காலக்கெடு வருமுன்னரே, உத்தியோகத்தை விட்டு விலகினார். 1924-இல் 'பஞ்சாமிர்தம்' என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்த பத்மாவதியின் மூன்றாம் பாகத்தை அதில் எழுதலானார்.

1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழக செனெட் சபை கூடியிருந்தது. பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று மாதவையா பேசினார். பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். வயது ஐம்பத்து மூன்று.

நம் சங்க அறையில் ஞாயிறுதோறும் குழந்தைகள் 'அ, ஆ' எழுதும்போது அந்த செனெட் மண்டபம் என் நினைவுக்கு வரும். அக்குழந்தைகளுள் என் இளைய மகளும் ஒருத்தி. இந்தியில் சரளமாகப் பேசுவாள், தமிழில் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள்.

பத்மாவதியின் மூன்றாம் பாகம் முடிவுறாமலே நின்றுபோயிற்று.