உப்புக்கு வெட்டிய ஆறு

அக்கரப்பத்தனையில் வாழ்பவருக்கு உவர்நீரின் கொடுமையைச் சொல்லி விளங்க வைப்பது கடினம். நம் காலடியில் ஓடும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவில் கலந்து மகாவலியாகித் திருகோணமலைக் கடலை நெருங்கும் வரை நன்னீராகவே ஓடுகிறது. இதே நாட்டின் வடமுனையிலோ, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டார் கிணற்றை நம்பி வாழ்பவர்கள். அந்தக் கிணறு உவராகிவிடுமோ என்பது அவர்களுடைய தலைமுறைக் கவலை.

வகுப்பிலே கலிங்கத்துப்பரணி நடத்தும்போது கருணாகரத் தொண்டைமானின் பெயர் வரும். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் அவன். கரணவாய்ப் பகுதியில் விளைந்த உப்பை ஓடங்களில் ஏற்றிச் செல்வதற்காக அவன் வெட்டுவித்து ஆழமாக்கிய வழிதான் தொண்டைமானாறு என்பது யாழ்ப்பாணத்து மரபுக்கதை. கதையின் உண்மை எதுவாயினும் ஒன்று வியப்பாக இருக்கிறது. உப்பை வெளியே கொண்டுபோக வெட்டியதாகச் சொல்லப்படும் அதே வாயிலைத்தான், உப்பு உள்ளே வராமல் அடைக்க வேண்டும் என்று பிற்காலப் பொறியியலாளர்கள் கூறினார்கள்.

தொண்டைமானாறு பெயரளவில்தான் ஆறு. அது வடமராட்சிக் கடல்நீரேரி கடலோடு சேரும் வாய். அதைப் போலவே அரியாலைப் பக்கம் உப்பாறு. தெற்கே ஆனையிறவுக் கடல்நீரேரி. மாரியில் மழைநீர் இவற்றில் நிறைந்து வீணே கடலுக்குப் போகும். கோடையில் கடல் உள்ளே வரும். வெயிலில் வற்றி, தரையில் உப்புப் பூக்கும். வாயில்களில் தடுப்பணை கட்டி, முதல் வெள்ளத்தோடு உப்பைக் கழுவி வெளியேற்றிவிட்டு, பிறகு கதவை மூடி நன்னீரைத் தேக்கினால் ஆண்டுக்காண்டு உவர் குறையும். தேங்கிய நீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கிக் கிணறுகளையும் காக்கும். கனம் குறைந்த நன்னீர் உவர்நீரின் மேல் மிதப்பதால், கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதன் கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு.

அரசாங்க அதிபர் துவைனம் காலத்திலேயே, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, தொண்டைமானாற்றை அடைக்கும் யோசனை எழுந்துவிட்டது. அணை கட்டி முடிந்ததோ 1950களில்தான். அந்தப் பத்தாண்டிலேயே நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற பெரிய திட்டத்தை முன்வைத்தார். இரணைமடுவைத் தாண்டிவரும் கனகராயன் ஆற்றின் வெள்ளத்தை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்கி, முள்ளியானில் ஏறத்தாழ இரண்டரை மைல் நீளமான வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டு செல்வது அவருடைய எண்ணம். புதிதாக ஓர் ஆற்றையே உண்டாக்குவதற்கு இரண்டரை மைல் வாய்க்கால்! இத்தனை மலிவான கனவு வேறெங்கும் உண்டோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1960களில் வேலை நடந்தது. ஆனையிறவு வழி அடைக்கப்பட்டது. சுண்டிக்குளத்தில் அணைக்கட்டு எழுந்தது. அந்தக் கட்டை வெள்ளம் உடைத்தது. வாய்க்கால் வெட்டு அரைகுறையில் நின்றது. தொண்டைமானாற்று மரப்பலகைக் கதவுகள் உக்கிப்போக, கடல் பழையபடி உள்ளே புகுந்தது. பின்னர் போர் வந்தது. போர் ஓய்ந்த பிறகே கதவுகள் திருத்தம் கண்டன.

எதிர்ப்பாளரின் நியாயத்தையும் மறைக்கலாகாது. கடல்நீரேரி நன்னீரானால் இறால் பிடிப்பவன் எங்கே போவான்? ஆனையிறவு உப்பளம் என்னாகும்? சுண்டிக்குளத்துப் பறவைகளுக்கு என்ன வழி? உப்பும் ஒரு பிழைப்புத்தான். கரணவாய்க் கதை சொல்வதும் அதைத்தானே!

இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டு செல்லும் யோசனைக்குக் கிளிநொச்சி விவசாயிகள் உடன்படவில்லை. வயலுக்கு நீர் போதாது என்ற அவர்களுடைய அச்சம் நியாயமானதே. முடிவில் 2024ஆம் ஆண்டு வடமராட்சி கிழக்கில், தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரிக்கிறார்கள். முள்ளியானும் அதே வடமராட்சி கிழக்கில்தான் இருக்கிறது. அதற்குத் தெற்கே, ஒவ்வொரு மாரியிலும் கனகராயன் ஆற்று வெள்ளம் சுண்டிக்குளத்தால் கடலுக்குப் போகிறது.