மல்லைக் கரைக் கதைகள் - 14: எச்சில் இளநீர்

வாதாபி முற்றுகையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பல்லவத் தளபதி பரஞ்சோதியின் யானைகள் கிளம்பியும்விட்டன. ஆனால் யானை என்று எழுதியதுமே எனக்கு வேறொரு யானை ஞாபகம் வந்துவிட்டது. அதன் முதுகில் இரண்டு பேர். ஒருவன் கையில் இளநீர்.

இளநீர்க்காரன் பல்லவ மன்னன் மாமல்லன், அதாவது நரசிம்மவர்மன். மற்றவன் மானவன்மன். ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். ஆட்சியை இழந்து காஞ்சியை அண்டிய இலங்கை இளவரசன். மனைவி சங்காவும் பின்னால் வந்துசேர்ந்தாள். நான்கு மகன்கள், நான்கு மகள்கள் என்று பிறந்து வளருமளவுக்கு நீண்டது அந்த அஞ்ஞாதவாசம்.

இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்தின் 47ஆம் அத்தியாயத்தில் வருகிறது இந்த யானைக் காட்சி. தாகத்துக்கு இளநீர் குடித்த மாமல்லன், மீதியைப் பின்னால் நீட்டினான். வாங்கிய மானவன்மன், ‘நண்பன் கொடுத்தது, இதில் எச்சில் என்ன?’ என்று நினைத்துக் குடித்தான். அதைக் கண்டு பதறிய மாமல்லன், அவன் வைத்த மிச்சத்தை வாங்கித் தானும் குடித்தான். அன்றிலிருந்து உணவு, படுக்கை, அணிகலன், வாகனம் எல்லாவற்றிலும் இருவரும் சமம்.

அரசன் மிச்சம் வைத்ததை அண்டி வந்தவன் குடிப்பது உலக வழக்கம். அண்டி வந்தவனின் எச்சிலை அரசன் குடித்ததுதான் சங்கதி. செம்பில் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு அதன் எடை தெரியும். போன மாதம் கடற்கரைக் கோயில் பக்கம் இரண்டு கல்லூரிப் பையன்கள். “ஒரு இளநி போதும்ணே, ரெண்டு ஸ்ட்ரா குடுங்க” என்றான் ஒருவன். “ரெண்டு எதுக்குடா?” என்றான் மற்றவன். மாமல்லன் கட்சி!

பிறகு வல்லபன், அதாவது சாளுக்கியன், படையெடுத்து வந்தான். கூரம் செப்பேடு சொல்லும் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் போர்களில் ஒன்றாக இருக்கும் என்பது என் கட்சி. மணிமங்கலம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். நாடு மீட்க வந்தவன் இங்கே செத்துவிடக் கூடாதென்று நண்பனை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனான் மாமல்லன். மானவன்மனுக்குக் கோபம். ‘அவன் செத்தபின் நான் இருந்து என்ன?’ என்று தன் ஆட்களோடு களத்தில் புகுந்தான். வல்லபன் தோற்றான். மீறி வந்தவனைக் கட்டிக்கொண்டான் மாமல்லன்.

கைம்மாறாக இலங்கைக்குப் படை போனது. மன்னனுக்கு நோய் என்ற சேதி கேட்டுப் பாதியில் திரும்பியது. ஆண்டுகள் கழித்து மறுபடி கப்பல்கள் நின்றபோது வீரர்கள் ஏற மறுத்தார்கள். ராஜா வராத போருக்கு யார் போவார்? அப்போதுதான் மாமல்லன் ரகசியமாக ஒரு காரியம் செய்தான். தன் அணிகலன்களை நண்பனுக்குப் பூட்டி, தன் முரசையும் கொடுத்துக் கப்பலேற்றினான்; தான் மறைந்துகொண்டான். நடுக்கப்பலில் முரசு முழங்கியது. ‘ராஜா ஏறிவிட்டார்!’ என்று அத்தனை பேரும் ஏறினார்கள்.

சூளவம்சம் சொல்லும் இந்த நரசிம்மன் மாமல்லன் அல்ல, அவன் கொள்ளுப்பேரன் இராசசிம்மன்தான் என்று வாதிடுபவர்கள் உண்டு. காலக்கணக்கு அவர்கள் பக்கம், மனசு என் பக்கம். மானவன்மன் அநுராதபுரத்தில் 35 ஆண்டுகள் ஆண்டான். காசாக்குடிச் செப்பேடோ, இலங்கை வெற்றியில் மாமல்லன் இராமனையே விஞ்சினான் என்று மார்தட்டுகிறது. யாருக்காக அந்த வெற்றி என்று மூச்சுவிடவில்லை. என்னைக் கேட்டால், வெற்றியைவிட, கடல்மல்லைத் துறையில் நகையும் முரசும் இல்லாமல் ஒளிந்து நின்றவன்தான் பெரிய ராஜா.

பரஞ்சோதியின் யானைகள் இன்னும் ஒரு வாரம் வழியில் நிற்கட்டும். வாதாபி எங்கே போய்விடப்போகிறது?