பால்மரத்தின் பின்பனிக் காலம்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது தமிழர் மரபு. மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழன் அப்பகுப்பையும் உடன் கொண்டுவந்தான். அதற்கேற்ற வானந்தான் இங்கே இல்லை. பினாங்கில் மார்கழி வரும், பனி வராது. ஆயினும், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறைத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு குளிர்காலமும் அதன்பின் ஒரு தளிர்க்காலமும் இருக்கவே செய்தன. அவற்றைக் கொண்டுவந்தது வானமன்று, இரப்பர் மரம்.

பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கால்வைத்தது 1786-இல். எதிர்க்கரை 1800-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்து வெல்லஸ்லி மாநிலம் எனப் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கரும்பு செழித்தது. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் வந்து குவிந்தனர். கரும்புக்கு இலையுதிர்வு என்பதொன்றில்லை. அமேசான் காட்டிலிருந்து 1876-இல் இலண்டனுக்குச் சென்ற இரப்பர் விதைகளின் வழியாக, 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிபோங் திபாலை அடுத்த கெலிடோனியா போன்ற கரும்புத் தோட்டங்கள் பால்மரத் தோட்டங்களாயின. 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை நின்றது. கங்காணி முறை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

இரப்பர் வறட்சிப் பருவத்தில் இலையுதிர்க்கும் மரம். ஜொகூர் போன்ற தென்மாநிலங்களில் இவ்வுதிர்வு அங்கொன்றும் இங்கொன்றுமாக நிகழும். வடக்கே, கெடாவிலும் செபராங் பிறையிலும், ஆண்டுத் தொடக்கத்து வறட்சி கடுமையானது. ஆகவே காடு முழுவதும் ஒருங்கே உதிரும். தை மாதத்தில் இலைகள் மஞ்சளித்து, செம்மையேறி, காற்றசைந்தால் போதும் என்று கொட்டத் தொடங்கும். நண்பகலிலும் இருண்டிருந்த பால்காட்டில் வெயில் தரையைத் தொடும். தம் நாட்டுக் குளிர்காலத்தை நினைத்த வெள்ளைக்காரத் துரைமார் இதற்கு ‘விண்டரிங்’ என்று பெயரிட்டனர். மரத்துக்கு வாய்த்த இப்பெயர், அதன்கீழ் நின்றவனுக்கும் பொருந்திற்று என்பதைத்தான் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பால்வெட்டு விடியுமுன் தொடங்கும் தொழில். குளிர்ச்சியுள்ள வேளையிலேயே பால் நன்கு ஊறும். இருட்டில் எழுந்து, குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பிரட்டுக்கு நின்று, தன் நிரைக்குச் சென்று உளியை எடுக்கும் பெண்ணுக்கு, இலைகொட்டும் காலத்தில் வேலை ஒரு மரமும் குறைவதில்லை. குறைவது மங்கில் விழும் பால்தான். நிழலற்ற பட்டையில் வெயில் ஏறியதும் ஒழுக்கு விரைவிலேயே நின்றுவிடும். காண்டாவில் தொங்கும் வாளிகள் இலேசாகவே நிறுவைக்கு வரும். கிராணியின் ஏட்டில் எண் இறங்கும். சம்பள முறைகள் காலத்துக்குக் காலம் மாறின. எடைக்கேற்ற கூலி என்பது மட்டும் ஏதேனும் ஒரு வடிவில் தொடர்ந்தது. மரம் ஓய்வெடுத்தது, ஓய்வின் செலவைத் தொழிலாளி கொடுத்தான். வெட்டு அடியோடு நிறுத்தப்பட்டால் புல்வெட்டோ வடிகால் வேலையோ கிடைத்தவர்க்கே கூலி.

‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்பது நெல்வயலைப் பார்த்துப் பிறந்த மொழி. தஞ்சையில் களஞ்சியம் நிறையும் அதே திங்களில் பால்காட்டுக் குடும்பத்தின் கை சுருங்கிற்று. பொங்கலும் அப்போதே, அந்நாளில் சனவரியில் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்குப் புத்தகமும் சட்டையும் அப்போதே. தோட்டக் கடையின் கடனேட்டில் பக்கம் புரண்டதும் அப்போதே.

தைப்பூசமும் அப்போதே வந்தது. ஆண்டு முழுதும் நேர்ந்துகொண்டவற்றைச் செலுத்த, தோட்டத்து மக்கள் பட்டர்வொர்த்தில் படகேறி ஜோர்ஜ்டவுன் வந்தனர். பினாங்குத் தெருவின் கோயில்வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குச் செல்லும் நகரத்தாரின் வெள்ளித்தேர் 1894-இல் வந்தது. வட்டித்தொழில் செய்த செட்டியாரின் தேரையும் கடன்பட்ட கூலியின் காவடியையும் ஒரே சாலை தாங்கிற்று. மெலிந்த மாதத்திலும் நேர்த்திக்கடனை அவர்கள் ஒத்திவைக்கவில்லை. அதை அறியாமை எனச் சீர்திருத்தம் பேசியோர் கடிந்ததுண்டு. கணக்கேட்டில் எழுதப்படாத ஒரேயொரு கடனை உரிய நாளில் தீர்த்த நிறைவை அக்கடிதல் கண்டுகொள்ளவில்லை.

மாசிக் கடைசியில் மொட்டைக் கிளைகள் செம்பு நிறத் தளிர்விடும். சிறு மஞ்சள் பூக்களின் மணம் லயங்கள்வரை வரும். காண்பவர்க்கு அது வசந்தம். வெட்டுபவருக்கோ அதுவே மிக இளைத்த வேளை. சேமித்த உணவையெல்லாம் மரம் தளிருக்கே செலவிடும். அவ்வேளை மழை தூறிவிட்டாலோ சாம்பல்நோய் பற்றும். இளந்தளிர் மீண்டும் உதிரும். வறுமை இன்னும் சில கிழமை நீளும். தளிரைக் காக்கக் கந்தகத் தூள் தூவினர். தளிர் முற்றிப் பசுமையாகும் பங்குனி, சித்திரையில்தான் வாளி கனக்கும்.

மரத்தின் ஓய்வாவது இயற்கை. 1930-இல் விலை சரிந்தபோது, அவ்வாண்டு மே மாதம், நன்கு பால்சுரந்த மரங்களையே ஆங்கிலேய, டச்சு முதலாளிகள் வெட்டாமல் நிறுத்தினர். அடுத்து வந்த மந்த ஆண்டுகளில் தமிழர் பலர் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். இரப்பர் வரலாறு என்று எழுதப்படுவனவற்றில் இத்தகைய விலைச் சரிவுகளுக்குப் பக்கங்கள் உண்டு. ஆண்டுதோறும் தவறாது வந்த சிறு சரிவுக்கு ஒரு வரியும் கிடைப்பது அரிது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பின்னாளில் மாதச் சம்பளம் வேண்டுமென வலியுறுத்தியதன் நியாயத்தை, தை மாதத்து வாளியைத் தூக்கிப் பார்த்தவர் எளிதில் உணர்வர்.

பின்னர் பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை வந்தது. ஆண்டு முழுதும் பச்சை மாறாத மரம் அது. நாடு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் நடப்புக்கு வந்தபோது செபராங் பிறையின் பழைய பால்காடுகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. 2014-இல் பினாங்கின் இரண்டாம் பாலம் கரையேறிய பத்து காவானில் இப்போது தொழிற்சாலைகள் நிற்கின்றன. அங்கே இரவுமுறை வேலைக்குச் செல்லும் பேரப்பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் தைக்கும் ஆடிக்கும் வேறுபாடில்லை.