விளையாடும் பையன்களும் விடுதியின் கம்பிகளும்

சென்ற கோடையில் நியூஜெர்சியிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசினார். கோயமுத்தூர்க்காரர். மகன் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறான். 'மடிக்கணினி பத்தாதாமுங்க. பெட்டி மாதிரி ஒண்ணு வேணுமாம், அதுக்குள்ளே ஒரு கிராபிக்ஸ் அட்டையாம், அட்டை மட்டும் அறுநூறு டாலருங்க. படிக்கப் போறானா, விளையாடப் போறானா, நீங்களே சொல்லுங்க' என்றார். அவருக்குத் தொலைபேசியில் சொன்னது பாதி. மீதியை இங்கே எழுதுகிறேன்.

இதில் கருத்துச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். 1998 முதல் 2003 வரை அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாக இருந்தேன். செலவுக்காக அங்கிருந்த வலையமைப்பு அலுவலகத்தில் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்த்தேன் (மாணவர் விசாவில் அதற்கு மேல் கூடாது). மாணவர் விடுதிகளின் கம்பிகளும், அவை வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டிகளும் என் பொறுப்பு. ஏணி தூக்குவது, கம்பி இழுப்பது, யாருடைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்கிறார்களோ அதைத் துண்டிப்பது. இந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை என்றும் சொல்லலாம்.

கணினி விளையாட்டு பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வந்து நுழைந்த வியாதி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அங்கேயே பிறந்த பிள்ளை. 1962இல் எம்.ஐ.டி.யில் பிடிபி-1 என்ற கணினிக்காக மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார்கள். அந்தக் கணினியைத் தயாரித்த டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் அதைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. வாடிக்கையாளர் இடத்தில் கணினியை நிறுவி முடித்ததும், எல்லாம் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க இந்த விளையாட்டையே ஓட்டிப் பார்த்தார்கள். செயலி, நினைவகம், திரை எல்லாவற்றையும் ஒருசேர வேலை வாங்குகிற நிரல் அது. எங்கே கோளாறு இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். விளையாட்டு ஒரு சோதனைக் கருவி என்பது அப்போதே தெரிந்த செய்தி. பிறகு வந்த நிர்வாகிகள் அதை மறந்துவிட்டார்கள்.

மறந்ததற்குக் காரணமும் இருந்தது. 1993 டிசம்பர் 10ஆம் தேதி 'டூம்' வெளியானது. அதன் முதல் பதிப்புகளில் பலர் சேர்ந்து விளையாடும்போது ஒவ்வொரு செய்தியும் 'பிராட்காஸ்ட்' முறையில் அனுப்பப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதற்குத் தெரு முழுக்கத் தண்டோரா போடுவது மாதிரி. நான்கு பேர் விளையாடினால், அதே வலையில் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் ஐம்பது கணினிகளும் ஒவ்வொரு தண்டோராவுக்கும் வேலையை நிறுத்திவிட்டு, 'நமக்கில்லை' என்று தீர்மானிக்க வேண்டும். கல்லூரிகளும் அலுவலகங்களும் திணறின, பல இடங்களில் டூமுக்குத் தடை வந்தது. சில மாதங்களிலேயே அடுத்த பதிப்பில் இந்தக் குறையைச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் 'விளையாடுகிறவன் வலையைக் கெடுப்பவன்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்திலும் அந்தப் பெயர்தான் வழங்கிவந்தது.

இங்கே கொஞ்சம் கணக்கு. 1999இல் வந்த 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' போன்ற விளையாட்டுகள் தொலைபேசி மோடம் வைத்திருப்பவர்களும் ஆடும்படி எழுதப்பட்டவை. அதாவது ஓர் ஆட்டக்காரருக்கு நொடிக்கு 56 கிலோபிட்டுக்குள் எல்லாம் அடங்கியாக வேண்டும். அந்நாளில் ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகத்தை வெளியுலகோடு இணைத்த கம்பி பெரும்பாலும் 45 மெகாபிட். எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் வெளியே ஆடினால்தான் அது நிரம்பும். எங்கள் பையன்கள் பெரும்பாலும் விடுதிக்குள்ளேயே ஆடினார்கள். அது வெளிக்கம்பியைத் தொடவே தொடாது. வெளிக்கம்பியை நிரப்பியது வேறு. 1999 ஜூனில் 'நாப்ஸ்டர்' வந்தது. ஒரு பாட்டு நான்கு மெகாபைட், இரவும் பகலும், உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகம். இந்தியானா உள்படப் பல பல்கலைக்கழகங்கள் 2000ஆம் ஆண்டில் அதைத் தடுத்தன. எங்கள் அலுவலகமும் விதி எழுதியது. அந்த விதியில் 'விளையாட்டு மற்றும் கோப்புப் பகிர்வு' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டார்கள். சேர்த்தவருக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் படிப்பு இல்லை.

ஆனால் இரண்டும் வலையிடம் கேட்பது நேர் எதிரானவை. பாட்டு இறக்குகிறவனுக்கு வேண்டியது அளவு. ஆடுகிறவனுக்கு வேண்டியது நேரம். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும், மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர ஆகிற நாட்கள் ஆகத்தான் செய்யும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. நியூயார்க்கிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். போய்த் திரும்பக் குறைந்தது 0.135 நொடி, கம்பி சுற்றிப் போவதால் நடைமுறையில் இன்னும் அதிகம். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதற்குக் கீழே வராது. ஊருக்குப் பேசும்போது இருவரும் ஒரே சமயத்தில் 'ஹலோ' சொல்லி, இருவரும் நிறுத்தி, மறுபடி இருவரும் தொடங்குவோமே, அந்தச் சங்கடத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

2001ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பழைய விடுதி ஒன்றின் மூன்றாம் மாடியிலிருந்து ஓர் இரண்டாமாண்டு மாணவன் எங்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தான். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆட்டம் வெட்டி வெட்டிப் போகிறது, வலையில் கோளாறு இருக்கிறது என்பான். நாங்கள் காலை பத்து மணிக்குச் சோதித்துப் பார்ப்போம், ஒன்றும் இராது. 'கோளாறு இல்லை' என்று பதில் போகும். மறுபடி எழுதுவான். மூன்றாவது முறை ஒரு பட்டியலை இணைத்திருந்தான். மூன்று இரவுகள், நொடிக்கொரு முறை, விடுதிக்கு வெளியே இருந்த எங்கள் சர்வருக்கே 'பிங்' அனுப்பி, எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று குறித்து வைத்த பட்டியல். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நூற்றுக்கு ஆறேழு திரும்பவில்லை.

என் மேலதிகாரி அதைப் படிக்கவில்லை. அவர் பார்த்தது வேறு: இவன் தன் அறையிலேயே ஆட்டத்துக்கு சர்வர் வைத்திருக்கிறான், அது விதிமீறல். இரண்டு வாரம் துண்டிக்கச் சொன்னார். நான் துண்டித்தேன். தட்டச்சு செய்ய ஒரு வரி, ஐந்து நொடி. அந்தப் பையன் இரண்டு வாரம் இரவில் பனியில் நடந்து நூலகத்துக்குப் போய் வீட்டுப்பாடம் அனுப்பினான் என்பது பிறகுதான் தெரிந்தது.

பட்டியல் மட்டும் என் மேஜையில் கிடந்தது. ஒரு சனிக்கிழமை, சம்பளக் கணக்கில் சேராத நேரத்தில், அந்த விடுதியின் ஸ்விட்சுக்குள் போய்ப் பிழை எண்ணிக்கைகளைப் பார்த்தேன். விடுதியைத் தலைமை ஸ்விட்சுடன் இணைக்கும் கம்பியின் ஒரு முனையில் 'லேட் கொலிஷன்' ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. மறு முனையில் சிதைந்த பொட்டலங்கள். வலையமைப்பு வேலை பார்த்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள்: டூப்ளெக்ஸ் பொருத்தமின்மை. மற்றவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். ஈதர்நெட்டில் இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசலாம், அது முழு டூப்ளெக்ஸ். அல்லது ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசலாம், அது அரை. எந்த முறை என்பதை இரு முனைகளும் தாமாகப் பேசி முடிவு செய்துகொள்ளும். ஒரு முனையில் யாரோ 'முழு' என்று கையால் அமைத்துவிட்டால், அந்த முனை பேச்சுவார்த்தைக்கே வராது. மறு முனை வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு, விதிப்படி 'அரை' என்று வைத்துக்கொள்ளும். ஒருவர் இடைவிடாமல் பேசுகிறார், மற்றவர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார், பேச வாயெடுத்தால் மோதல். ஆள் குறைவான காலை பத்து மணிக்கு இது தெரியவே தெரியாது. எல்லோரும் அறைக்குத் திரும்பிய இரவில் பொட்டலங்கள் சாகும்.

மற்ற இருநூறு மாணவர்கள் ஏன் புகார் செய்யவில்லை? வலைப்பக்கமும் மின்னஞ்சலும் தொலைந்த பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். பக்கம் கொஞ்சம் மெதுவாக வரும், 'இன்று இணையம் மந்தம்' என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். விளையாட்டு அப்படிக் கேட்டு வாங்காது. அரை நொடிக்கு முந்தைய செய்தி வந்து என்ன பயன், அதற்குள் சுட்டுவிட்டிருப்பான். அதனால் அவனுக்கு மட்டும் வலி தெரிந்தது. விடுதி முழுக்க இருந்த நோயை அவன் ஒருவன்தான் பார்த்தான். நோயைச் சொன்னவன் இணைப்பைத்தான் நாங்கள் துண்டித்தோம்.

ஒரு முனையின் அமைப்பை மாற்றினேன். அன்றிரவே எண்ணிக்கை ஏறுவது நின்றது. மேலதிகாரியிடம் சொன்னேன். 'நல்லது' என்றார். தண்டனையின் மீதி நாட்கள் அப்படியே ஓடின, அது சர்வர் வைத்ததற்காம். நான் வாதாடவில்லை. அந்த மணிக்கூலி போனால் அடுத்த மாத வாடகை போய்விடும், வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க விசா இடம் தராது. எல்லாம் உண்மைதான், ஆனால் அந்தப் பையனுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம், அதற்கு விசா தேவையில்லை. எழுதவில்லை. இணைப்பைத் திரும்பக் கொடுத்த அன்று அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: 'நன்றி, இப்போது மாடி முழுவதற்கும் நன்றாக இருக்கிறது.'

விளையாட்டின் பக்கம் குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2007 மார்ச்சில் மும்பை ஐ.ஐ.டி., விடுதிகளில் இரவு பதினொரு மணிக்கு மேல் இணையத்தை நிறுத்தியது. மாணவர்கள் வகுப்புக்கு வருவதில்லை, ஒருவரோடொருவர் பழகுவதில்லை என்பது காரணம். அது தூக்கத்தைப் பற்றிய கவலை, நியாயமானதுதான். என் வழக்கு அதைப் பற்றியதல்ல, கம்பி நிரம்புகிறது என்று பொய்க்காரணம் சொல்வதைப் பற்றியது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விளையாட்டு கம்பியைச் சோதிக்கும், கணக்கைச் சோதிக்காது. 1998இல் இன்டெலின் 'செலரான் 300ஏ' மிகப் பிரபலம். மலிவான சில்லு. மதர்போர்டின் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்சுக்கு மாற்றினால் 300 என்பது 450 ஆக ஓடும். நானும் செய்தேன், பகலெல்லாம் பெருமை பேசினேன். விளையாட்டுகள் பளிங்குபோல ஓடின. ஆய்வுக்கான கணக்கை ஓட்டினால் ஒரே கணக்குக்கு இரண்டு இரவில் இரண்டு விடை. திரையில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யார் கவனிப்பது? பெருக்கலில் ஓர் இலக்கம் மாறினால் மூன்று மாத வேலை போச்சு. சில்லை 300க்கே இறக்கிவிட்டு மறுபடி தொடங்கினேன்.

கிராபிக்ஸ் அட்டைக்கு வருகிறேன். திரையிலுள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே மாதிரியான சிறு கணக்கைச் சேர்ந்தாற்போல் செய்வதற்காகப் பிறந்தது அது. அதற்குக் காசு கொடுத்து வளர்த்தவர்கள் விளையாடும் பையன்கள். 2007இல் என்விடியா 'கூடா'வை வெளியிட்டபின் அதே அட்டையில் அறிவியல் கணக்குகளைப் போடுவது எளிதாயிற்று. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் கிரிஷெவ்ஸ்கி, சட்ஸ்கேவர், ஹிண்டன் மூவரும் படங்களை அடையாளம் காணும் போட்டியில் வென்றார்கள். முதல் ஐந்து ஊகங்களிலும் சரியான விடை இல்லாமல் போனது நூற்றுக்கு 15.3தான், இரண்டாவதாக வந்தவர்களுக்கு 26.2. இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பரபரப்பின் திருப்புமுனை அது. அவர்கள் பயன்படுத்தியவை இரண்டு 'ஜிடிஎக்ஸ் 580', கடையில் விளையாட்டுக்கென்று விற்ற அட்டைகள். ஐந்தாறு நாட்கள் ஓடின. ஹிண்டனுக்கு 2024இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

இதைச் சொன்னதும் நண்பர் குஷியாகிவிட்டார். 'அப்போ நம்ம பையனும் நோபலுங்களா?' என்றார். அவசரப்பட வேண்டாம், பெரும்பாலும் விளையாடத்தான் போகிறான் என்றேன். பெட்டி வாங்குவதானால் பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம் (2000களில் உப்பி வெடித்த மலிவு கபாசிட்டர்களை நான் கூடை கூடையாகப் பார்த்திருக்கிறேன்), வண்ண விளக்குகளுக்குக் காசு வேண்டாம், மிச்சத்தில் நினைவகம் கூட்டிக்கொள்ளட்டும். அதோடு ஐந்து டாலருக்கு ஓர் ஈதர்நெட் கம்பி. விடுதிகளில் இப்போது எல்லாம் வைஃபை. வைஃபை என்பது ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசுகிற அதே பழைய அரை டூப்ளெக்ஸ்தான், மாடி முழுக்க ஒரே காற்றைப் பங்கு போட்டுக்கொள்கிறது. சுவரில் துளை இருந்தால் அதில் செருகிக்கொள்ளட்டும்.

'வேற ஏதாச்சும் சொல்லணுமுங்களா அவனுக்கு?' என்று கேட்டார். இரவில் வலை வெட்டினால் மூன்று நாள் பிங் எடுத்து வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள், காலை பத்து மணிக்குச் சோதித்தோம் என்று பதில் வந்தால் மறுபடியும் எழுதச் சொல்லுங்கள் என்றேன்.