வெண்மணியை எழுதிய மூன்று நாவல்கள்

வெண்மணியைப் பற்றித் தெரிந்துகொள்ள எந்த நாவலைப் படிக்கலாம் என்று மாணவத் தோழர்கள் பலர் கேட்கிறார்கள். ஒரே பெயரைச் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் இந்த ஆண்டு எங்கள் வாசிப்பு வட்டத்தில் மூன்று நாவல்களை அடுத்தடுத்துப் படித்தோம். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்', மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் 'குறத்தியம்மன்' என்று வந்த நாவல். மூன்றும் ஒரே தீயைப் பற்றியவை. ஆனால் தீ எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மூன்றும் மூன்று திசையில் கை காட்டுகின்றன. நமக்கு முக்கியம் அந்த வேறுபாடுதான்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், நாகப்பட்டினம் அருகே உள்ள ஊர் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, மிராசுதார்களின் ஆட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் இராமையாவின் குடிசைக்குள் ஒண்டினார்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகிச் செத்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித்துகள்.

'அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக' என்றுதான் நம் மேடைகளில் சொல்கிறோம். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. கூலியோடு இன்னொரு சண்டையும் இருந்தது. செங்கொடியை இறக்கு, விவசாயத் தொழிலாளர் சங்கத்தை விட்டு விலகு, நாங்கள் நடத்தும் நெல் உற்பத்தியாளர் சங்கத்தோடு சேர் என்று மிராசுதார்கள் மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வெண்மணி மக்கள் கொடியை இறக்கவில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த மண்ணில், 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சங்கம் கட்டிய பிறகுதான் பண்ணையாள் நிமிர்ந்து நின்றான். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 'நம்மிடம் கைகட்டி நின்றவன் இன்று கூலியைப் பேசித் தீர்க்கலாம் என்கிறானே' என்ற ஆத்திரம் மிராசுதார்களுக்கு இருந்தது. அந்த ஆத்திரத்தில் நில உடைமையும் சாதியும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. சங்கத்தில் சாதி இந்துத் தொழிலாளர்களும் இருந்தார்கள். எரிந்தது சேரி.

இனி நாவல்களுக்கு வருவோம்.

'குருதிப்புனல்' 1975இல் வந்தது. 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. வெண்மணியைத் தமிழ் வாசகர்களிடம் பரவலாகக் கொண்டுபோன நாவல் என்ற மரியாதை அதற்கு உண்டு. ஆசிரியர் டெல்லியில் பேராசிரியராக இருந்தவர். நாவலிலும் டெல்லியிலிருந்து வந்த கோபால், அவனைத் தேடி வரும் நண்பன் சிவா என்ற இரண்டு படித்த இளைஞர்களின் கண் வழியாகத்தான் ஊரைப் பார்க்கிறோம். உரையாடல்கள் கூர்மையானவை. வெளியிலிருந்து வரும் அறிவுஜீவியின் தடுமாற்றத்தை நேர்மையாகவே சொல்கிறார்.

எங்களுக்குச் சிக்கல் கண்ணையா நாயுடு என்ற நிலப்பிரபுவிடம் தொடங்குகிறது. அவனுடைய வன்முறைக்கு வேராக நாவல் காட்டுவது அவனுடைய ஆண்மைக் குறை. நாவல் வந்த காலத்திலேயே இடதுசாரிகள் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். இன்று படிக்கும்போதும் அந்த விமர்சனம் சரி என்றே படுகிறது. ஒரு தனி மனிதனின் உடற்குறைதான் காரணம் என்றால், அந்தக் குறை இல்லாத மிராசுதார் நல்லவனாக இருந்திருப்பானா? வெண்மணிக்குத் தீ வைக்கப் போனது ஒரு கும்பல். அதற்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது, பணம் இருந்தது, கண்டுகொள்ளாத போலீஸ் இருந்தது. இத்தனையையும் ஒருவன் மனசுக்குள் அடக்கினால் கதை சுவாரஸ்யமாகலாம். வரலாறு கைநழுவிப் போகிறது. அதைவிடப் பெரிய குறை, சேரி மக்கள் நாவலில் பெரும்பாலும் யாருக்காகவோ காத்திருப்பவர்களாகவே வருகிறார்கள். உண்மையில் அவர்கள் சங்கம் கட்டி, பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்து, வேலைநிறுத்தம் செய்து பழகியவர்கள்.

'செந்நெல்' 1999இல் வந்தது. சோலை சுந்தரபெருமாள் அந்த வட்டாரத்துக்காரர். அது முதல் பக்கத்திலிருந்தே தெரிகிறது. நடவும் அறுப்பும் களத்தில் நெல் அளப்பதும் அவருக்குச் செவிவழிச் செய்தியாக இல்லை. பேச்சு கீழத்தஞ்சைப் பேச்சு. பண்ணையார் வீட்டு வாசலில் எங்கே நிற்க வேண்டும், எந்தக் குரலில் பேச வேண்டும் என்று சாதி ஒருவன் உடம்பில் எப்படிப் பதிந்திருந்தது என்பதை இந்த நாவல் விளக்காமலேயே காட்டுகிறது. கூலி என்பது இங்கே கோஷமாக வரவில்லை, அன்றைக்கு அடுப்பில் உலை வைக்கலாமா என்ற கேள்வியாக வருகிறது. அரைப்படி நெல் ஒரு குடும்பத்துக்கு என்ன என்று தெரிய வேண்டுமானால் இதைப் படியுங்கள்.

குறையும் உண்டு. சில இடங்களில் சங்கத்தின் தீர்மானத்தைக் கதாபாத்திரங்கள் வாயால் படிப்பது போலிருக்கிறது. வர்க்கம் என்ற சொல் வரும் இடத்தில் சாதி கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது. அப்படியிருந்தும் மக்களைத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே மாற்றப் புறப்பட்டவர்களாகக் காட்டியதால் இந்த நாவலை நாங்கள் உயர்வாக மதிக்கிறோம்.

மூன்றாவது நாவல் ஆங்கிலத்தில் 2014இல் வெளிவந்தது. மீனா கந்தசாமி கதையை நேராகச் சொல்ல மறுக்கிறார். நிலப்பிரபு முதலமைச்சருக்கு எழுதும் மனு, பிணங்களின் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் குறிக்கும் போலீஸ் பட்டியல், படுகொலை இரவை மூச்சுவிடாமல் ஒரே வாக்கியமாகச் சொல்லும் ஓர் அத்தியாயம் என்று போகிறது. நடுநடுவே கதைசொல்லி வந்து வாசகரைச் சீண்டுகிறார், தன்னையே கேலி செய்கிறார். எங்களில் சிலருக்கு இது எரிச்சலாக இருந்தது. 44 பேர் செத்த கதையில் இந்த விளையாட்டு எதற்கு என்று கேட்டார்கள். விவாதித்தபோது வேறொன்று தெரிந்தது. மனு, பட்டியல், அறிக்கை என்று இந்த நாவல் எடுத்துக்கொள்ளும் வடிவங்கள் எல்லாமே அதிகாரம் எழுதும் வடிவங்கள். செத்தவர்களைப் பற்றி அரசாங்கக் காகிதம் எப்படிப் பேசும் என்பதைக் காட்டி, அந்தக் காகிதத்தை நம்பாதே என்று சொல்கிறது இந்த நாவல்.

அந்த எச்சரிக்கை ஏன் தேவை என்பதை வழக்கின் கதை சொல்லும். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட 8 பேருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலம் படைத்த மிராசுதார்கள். ஒருவரிடம் கார்கூட இருந்தது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்று நீதிமன்றம் கருதியது. அதே டிசம்பர் 25 அன்று மோதலில் மிராசுதார் தரப்பு ஆள் பக்கிரிசாமி கொல்லப்பட்ட வழக்கிலோ, விவசாயத் தொழிலாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது.

தோழர்களே, பணக்காரன் எப்படி நடந்துகொள்வான் என்பதைப் பற்றிய ஒரு கற்பனைதான் அந்தத் தீர்ப்பில் சாட்சியங்களைவிடக் கனமாக நின்றது. ஆகவே வெண்மணியைப் பற்றிய புனைவுகளை எண்ணும்போது அந்தத் தீர்ப்பையும் சேர்த்து எண்ண வேண்டும் என்கிறோம். நாவலாசிரியரின் கற்பனை தவறினால் நாம் விமர்சனம் எழுதுகிறோம். நீதிபதியின் கற்பனை தவறினால் கொலைகாரர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். மைதிலி சிவராமன் போன்றவர்கள் சம்பவம் நடந்த சில வாரங்களிலேயே ஊருக்குப் போய் மக்களிடம் கேட்டு எழுதியிராவிட்டால், நம்மிடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அரசுக் காகிதமாகவே இருந்திருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வெண்மணிக்குப் பிறகுதான் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மக்கள் கேட்ட கூலி நியாயமானது என்று, 44 உயிர்கள் போன பிறகு, சட்டமே ஏற்றுக்கொண்டது. 1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். திரைப்படத்துக்கும் நாவலுக்கும் அந்தக் காட்சி ஒரு முடிவாகத் தோன்றலாம். நீதிமன்றம் தராத நீதியை அது தந்துவிட்டதாக நாங்கள் நினைக்கவில்லை. சேரியில் இருந்தவர்கள் கேட்டது நிலம், கூலி, சங்கம் வைக்கும் உரிமை, சாட்சி சொன்னால் நம்பப்படும் உரிமை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

அப்படியானால் எந்த நாவலைப் படிப்பது? எங்கள் பதில்: 'செந்நெல்'லில் தொடங்குங்கள், மண்ணும் வேலையும் பிடிபடும். பிறகு 'குறத்தியம்மன்' படியுங்கள், ஆவணங்களைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்வீர்கள். 'குருதிப்புனல்' கடைசியாக. அதைத் தள்ளிவிட வேண்டாம். நம் துன்பத்தை வெளியிலிருந்து பார்ப்பவர் நல்லெண்ணத்தோடு பார்த்தாலும் எங்கே கண் மங்குகிறது என்று அதில் தெளிவாகத் தெரியும்.

இவற்றையெல்லாம் படித்து முடித்த பிறகும் ஒரு நாவல் மிச்சமிருக்கிறது. அந்த இரவில் தப்பி ஓடிய ஒருவரின் பேரனோ பேத்தியோ எழுத வேண்டிய நாவல் அது. 1968இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் பேசும்போது வயல்களின் பெயர்களும் களத்தில் அளந்த படியின் கணக்கும் சங்கக் கூட்டம் நடந்த இடமும் செத்தவர்களைப் பற்றிய சின்னச் சின்ன ஞாபகங்களும் வரும். தஞ்சை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் படிக்கும் மாணவர்கள் இந்த டிசம்பரில் நினைவிடத்துக்குப் போகும்போது, மாலை போட்டுவிட்டு உடனே பேருந்து ஏறாதீர்கள். ஒரு நோட்டு கொண்டுபோங்கள். அனுமதி கேட்டு, பொறுமையாக உட்கார்ந்து, அவர்கள் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். அழகுபடுத்த வேண்டாம், கோஷம் சேர்க்க வேண்டாம். நாவல் பிறகு வரட்டும்.