தோல் நிறத்தை வகைப்படுத்திய வரலாறு

தோலின் நிறத்துக்கு வரிசை எண் கொடுத்தவர்களில் மருத்துவர்களை முந்தியவர்கள் மானிடவியலாளர்கள். ஆஸ்திரியாவின் ஃபெலிக்ஸ் ஃபான் லுஷான் 36 கண்ணாடி வில்லைகளை வெயில் படாத தோலின் அருகே வைத்து ஒப்பிட்டார். அந்த அளவீடு மனிதரை இனம் பிரிக்கவே பயன்பட்டது, நோயாளிக்கு எந்த நன்மையும் தரவில்லை.

மருத்துவத்தில் இன்று வழங்கும் பட்டியலை 1975இல் வகுத்தவர் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக். அது முதலில் வெளியானது ஒரு பிரெஞ்சு இதழில். அப்போது சொரியாசிஸ் நோயாளிகளுக்குச் சோராலென் என்ற மருந்தை மாத்திரையாகக் கொடுத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். முடியும் கண்ணும் கறுப்பாக இருந்ததால் தோல் தாங்கும் என்று எண்ணி ஒளியின் அளவைக் கூட்டியதில் சிலருக்குத் தோல் வெந்துபோயிற்று. அதனால் ஃபிட்ஸ்பேட்ரிக் வேறு கேள்வி கேட்டார்: கோடைத் தொடக்கத்தில் உச்சிவெயிலில் முக்கால் மணி நேரம் நின்றால் மறுநாள் தோல் சிவந்து எரிகிறதா, ஒரு வாரத்தில் கறுக்கிறதா? விடைகளை வைத்து வெள்ளையரை நான்கு வகையாகப் பிரித்தார். பழுப்புத் தோல் ஐந்தாவதாகவும் கருந்தோல் ஆறாவதாகவும் பின்னர் சேர்ந்தன. 1988இல் ஆறு வகைகளும் முழுமையாக விளக்கப்பட்டன. வெயிலைத் தாங்கும் திறனுக்கான எண் நாளடைவில் நிறத்துக்கான எண்ணாகவே புழங்கத் தொடங்கியது.

ஆனால் புதுச்சேரியின் சாரம் பகுதித் தெருக்களில் சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று மக்கள் எளிதாகப் பிரித்தறியும் நிறங்களில் பெரும்பாலானவை ஃபிட்ஸ்பேட்ரிக் பட்டியலில் நான்கு, ஐந்து என்ற இரண்டே கட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. வெயிலில் சிவக்கிறதா என்ற கேள்வியும் இங்கே பலருக்குப் பொருந்துவதில்லை.

வெள்ளைத் தோலையே அளவுகோலாகக் கொண்டதன் விளைவு நோயறிதலிலும் தெரிகிறது. வெள்ளைத் தோலில் செக்கச்செவேல் என்று தெரியும் அழற்சி கறுத்த தோலில் ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரியும். தொழுநோயின் தேமல் சிவக்காமல் வெளிறிக் காணும். முகப்பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கருமை தங்கும். பருவைவிட அதற்காகவே மருத்துவரிடம் வருபவர்கள் ஏராளம். வெளிர்தோல் படங்களை மட்டும் பார்த்துப் படித்த மாணவருக்கு இவை பிடிபட நாளாகும். பாடநூல்கள் இதில் மிகவும் பின்தங்கிவிட்டன.

தோலின் நிறத்தை அளக்கக் கருவிகளும் வந்தன. மேற்கையின் உட்புறத்தில் ஒளி பட்டுத் திரும்பும்படி செய்து, அதிலிருந்து ஒரு கோண அளவைக் கணக்கிடுகிறார்கள். அது 55 பாகைக்கு மேல் இருந்தால் மிக வெளிர்ந்த தோல், கழித்தல் 30க்குக் கீழே இருந்தால் கருந்தோல். சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்து நிறப் பட்டியலை 2022இல் கூகுள் வெளியிட்டது. ஆனாலும் ஒளிச்சிகிச்சையின் தொடக்க அளவை முடிவு செய்யும்போது மருத்துவர்கள் பலர் இன்றும் கேட்பது அந்தப் பழைய வெயில் கேள்வியைத்தான்.