மனநோயா, மதவெறியா? கொலைகாரனின் பெயர் சொல்லாத பதில்

ஒரு படுகொலைச் செய்தி வந்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை அல்ல, கொன்றவனின் பெயரை. "யா அல்லாஹ், நம்ம ஆளா இருந்திடக் கூடாது" என்ற பதற்றம் அது. பெயர் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக முடிவாகிவிடும். முஸ்லிம் பெயர் என்றால் 'பயங்கரவாதி'. வேறு பெயர் என்றால் 'மனநலம் பாதிக்கப்பட்டவர்'. ஊடகங்களின் இந்த ஓரவஞ்சனையைப் பற்றி நாம் பல மேடைகளில் பேசிவிட்டோம். பேசியதில் தவறும் இல்லை.

ஆனால் அதே தராசை நாம் திருப்பிப் பிடிக்கிறோமே, அதைப் பேசுகிறோமா? நம் பெயர் தாங்கியவன் கத்தியை எடுத்தால், "அவன் பைத்தியம், அவனுக்கும் மார்க்கத்துக்கும் சம்பந்தமில்லை" என்கிறோம். நம்மவரைக் கொன்றவனுக்கு மனநோய் என்று யாராவது சொன்னால், "தப்ப வைக்க நாடகம்" என்கிறோம். இரண்டும் உண்மையாக இருக்கலாம், இரண்டும் பொய்யாகவும் இருக்கலாம். எது என்று பார்க்காமலேயே சொல்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

நார்வே நாட்டில் நடந்த இரண்டு வழக்குகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் இடையே பத்தாண்டு இடைவெளி. ஒன்றில் கொன்றவன் இஸ்லாத்தின் பகைவன். மற்றொன்றில் கொன்றவர் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டதாக அறிவித்தவர். இரண்டிலும் மனநோயா என்ற கேள்வி எழுந்தது. பதில் வெவ்வேறாக வந்தது.

ஒரே ஆள், இரண்டு மருத்துவ அறிக்கைகள்

2011 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. ஓஸ்லோவில் அரசு அலுவலகங்களுக்கு முன் நிறுத்தப்பட்ட வேனில் குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். அன்று மாலையே உட்டோயா என்ற சிறு தீவில், தொழிலாளர் கட்சியின் இளைஞர் அணி முகாமுக்குள் போலீஸ் உடையில் நுழைந்த ஒருவன் 69 பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் பெரும்பாலோர் பதின்ம வயதுப் பிள்ளைகள். குடியேறிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

முதல் சில மணி நேரம் தொலைக்காட்சி வல்லுநர்கள் பலர் அல்காய்தா பக்கம் கை காட்டினார்கள். பிடிபட்டவனோ ஆண்டர்ஸ் பேரிங் பிரெய்விக், 32 வயது, நார்வேக்காரன். தாக்குதலுக்குச் சற்று முன்பு சுமார் 1,500 பக்க ஆவணம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். முஸ்லிம்கள் ஐரோப்பாவைக் கைப்பற்றுகிறார்கள், அதற்கு இடதுசாரிகள் வழிவிடுகிறார்கள், ஆகவே போர் தொடங்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

நீதிமன்றம் நியமித்த இரண்டு மனநல மருத்துவர்கள் அவனைச் சிறையில் பலமுறை சந்தித்துவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். 'சந்தேக மனச்சிதைவு' என்பது அவர்கள் முடிவு. தான் ஓர் இரகசிய வீரர் அமைப்பைச் சேர்ந்தவன் என்கிறான், யார் வாழ வேண்டும் யார் சாக வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு தனக்கு உண்டு என்கிறான், விசித்திரமான சொற்களைப் பேசுகிறான். இவையெல்லாம் மாயநம்பிக்கைகள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்றைய நார்வே சட்டப்படி, குற்றம் நடந்த நேரத்தில் ஒருவர் அத்தகைய நோய்நிலையில் இருந்தார் என்றால் தண்டனை கிடையாது. நோய்தான் குற்றத்தைச் செய்யவைத்தது என்று தனியாக நிரூபிக்கக்கூடத் தேவையில்லை. அதாவது 77 பேரைக் கொன்றவன் சிறைக்கு அல்ல, மருத்துவமனைக்குப் போவான்.

நாடு கொதித்தது. நீதிமன்றம் வேறு இரண்டு மருத்துவர்களை நியமித்தது. 2012 ஏப்ரலில் அவர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள்: இவனுக்கு ஆளுமைக் கோளாறு உண்டு, தன்னைப் பெரிதாக நினைக்கும் நோய் உண்டு, ஆனால் அறிவு பிறழவில்லை.

அதன்பின் நடந்த விசாரணை விசித்திரமானது. பொதுவாக, "என் கட்சிக்காரர் மனநோயாளி" என்று வாதாடுவது எதிரியின் வக்கீல், மறுப்பது அரசுத் தரப்பு. இங்கே அரசு வழக்கறிஞர்கள், சந்தேகம் இருப்பதால் மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்றார்கள். "நான் தெளிவாகத்தான் இருந்தேன்" என்று போராடியது குற்றவாளி. காரணம் புரிகிறது. பைத்தியம் என்று தீர்ப்பாகிவிட்டால், அவன் எழுதிய 1,500 பக்கமும் பைத்தியக்காரனின் கிறுக்கலாகிவிடும்.

2012 ஆகஸ்ட் 24 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: அவன் பொறுப்பாளிதான். 21 ஆண்டு தடுப்புக் காவல், ஆபத்தானவனாக நீடிக்கும் வரை அதை நீட்டிக்கவும் முடியும். அந்தத் தீர்ப்பில் நமக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. முதல் மருத்துவர்கள் மாயநம்பிக்கை என்று குறித்த பலவும் அவன் ஒருவனுக்கே தோன்றியவை அல்ல, தீவிர வலதுசாரிக் கூட்டங்கள் இணையத்தில் அன்றாடம் பேசிக்கொள்ளும் பேச்சு என்று நீதிமன்றம் கண்டது. பல ஆயிரம் பேர் சேர்ந்து நம்பும் பொய் நோயாகிவிடாது. அது வெறுப்பு.

நம்மூர் உதாரணம் ஒன்று சொன்னால் இது எளிதாக விளங்கும். "பக்கத்து வீட்டுக்காரி சூனியம் வைச்சிட்டா" என்று ஒரு பாட்டி சொன்னால் நாம் அவருக்கு மனச்சிதைவு என்று நினைப்பதில்லை. அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். இந்த மண்ணே தெரியாத ஓர் ஓஸ்லோ மருத்துவர் அதைக் கேட்டால் நோய்க்குறி என்று எழுதிவிடக்கூடும். நம்பிக்கை எந்தக் கூட்டத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் நோயை அளக்க முடியாது. பிரெய்விக் விஷயத்தில் முதல் மருத்துவர்கள் சறுக்கிய இடம் இதுதான் என்பது என் புரிதல்.

நோக்கத்தைக் கழற்றிவிட்டுத் தீர்ப்பு

2021 அக்டோபர் 13. ஓஸ்லோவுக்குத் தென்மேற்கே கோங்ஸ்பெர்க் என்ற சிறு நகரம். ஒருவர் வில் அம்போடு கடைக்குள் புகுந்தார் என்று செய்தி பரவியது. ஐந்து பேர் இறந்தார்கள், நான்கு பெண்கள், ஓர் ஆண். அவர்களைக் கொன்றது அம்பு அல்ல, கத்தி போன்ற ஆயுதங்கள் என்று போலீஸ் பின்னர் சொன்னது. பிடிபட்டவர் டென்மார்க் குடியுரிமை கொண்ட, நார்வேயில் வளர்ந்த 37 வயதுக்காரர். தான் முஸ்லிமாகிவிட்டதாகச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காணொளியில் சொல்லியிருந்தார். தீவிரவாதத்தின் பக்கம் போகிறாரோ என்ற கவலை போலீசுக்கு முன்பே இருந்தது. மறுநாளே இது பயங்கரவாதச் செயலாகத் தோன்றுகிறது என்று பாதுகாப்புத் துறை அறிவித்தது.

நம் சமூகத்தின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்நாட்டு முஸ்லிம்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நேர்ந்ததும் மறந்திருக்காது. 2019 ஆகஸ்ட் 10 அன்று ஓஸ்லோவை அடுத்த பேரம் பகுதியில், அந்நூர் பள்ளிவாசலுக்குள் ஒரு இளைஞன் துப்பாக்கியோடு நுழைந்தான். அதற்கு முன்பு வீட்டில் தன் மாற்றாந்தாய் மகளையே கொன்றுவிட்டு வந்திருந்தான். பள்ளியில் இருந்த முதியவர்கள் அவனை மடக்கிப் பிடித்தார்கள். அவன் மனநோயாளி அல்ல என்று மருத்துவர்கள் சொன்னார்கள், 21 ஆண்டு தடுப்புக் காவல் கிடைத்தது.

கோங்ஸ்பெர்க் வழக்கில் என்ன நடந்தது? சில நாட்களிலேயே விசாரணை அதிகாரிகளின் பார்வை மாறியது. மதமாற்றம் என்பது அவர் வாழ்க்கையில் எங்கும் வேர் பிடிக்கவில்லை, நோய்தான் முன்னால் நிற்கிறது என்றார்கள். மருத்துவர்களும் அவருக்கு நெடுநாளைய மனச்சிதைவு என்று உறுதி செய்தார்கள். 2022 ஜூனில் நீதிமன்றம் அவரைத் தண்டிக்காமல் கட்டாய மனநலச் சிகிச்சைக்கு அனுப்பியது. அரசுத் தரப்பும் கேட்டது அதைத்தான். விடுதலை என்று இதை யாரும் நினைக்க வேண்டாம். ஆபத்து நீங்கும் வரை பூட்டிய மருத்துவமனை.

ஆக, வாயில் முழக்கம் இருப்பதாலேயே ஒருவர் அறிவோடு செய்தார் என்று ஆகாது. தலையில் கோளாறு இருப்பதாலேயே அறிவில்லாமல் செய்தார் என்றும் ஆகாது. நோக்கம் வேறு கேள்வி, பொறுப்பு வேறு கேள்வி. (நார்வே தன் சட்டத்தையும் 2020 அக்டோபரில் மாற்றிக்கொண்டது. நோயின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது, யதார்த்தம் எவ்வளவு விளங்கியது என்பதை நீதிமன்றமே எடை போடும்படி ஆக்கினார்கள்.)

எழுதுகோல் உயர்த்தப்பட்டவர்

மார்க்கச் சட்டம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டது என்ற நபிமொழி நமக்குப் பழக்கமானது: தூங்குபவர் விழிக்கும் வரை, குழந்தை பருவமடையும் வரை, புத்தி பிறழ்ந்தவர் தெளியும் வரை. அபூதாவூதில் வரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. புத்தி சுவாதீனமில்லாத ஒரு பெண் விபசாரக் குற்றத்துக்காக உமர் (ரலி) அவர்களிடம் கொண்டுவரப்பட்டார். தண்டனைக்கு உத்தரவும் ஆகிவிட்டது. வழியில் கண்ட அலி (ரலி) அவளைத் திருப்பி அழைத்து வந்து, இந்த நபிமொழியை உமருக்கு நினைவூட்டினார்கள். கலீஃபா தம் தீர்ப்பை அங்கேயே மாற்றிக்கொண்டார்கள்.

மாஇஸ் (ரலி) தாமாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோதும், இவருக்குப் புத்தி சுவாதீனம் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். குற்றவாளியே ஒப்புக்கொண்டாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இதற்கு மேல் ஃபிக்ஹ் அறிஞர்கள் நுட்பமாகப் போனார்கள். நிரந்தரப் பைத்தியம் வேறு, விட்டுவிட்டு வருவது வேறு. தெளிந்திருக்கும் வேளையில் செய்ததற்கு அவர் பொறுப்பாளி. கொலை விஷயத்தில், பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி பைத்தியத்தின் கொலை தவறுதலாக நடந்த கொலையைப் போன்றது. பழிக்குப் பழி கிடையாது, ஆனால் இரத்த ஈட்டுத்தொகை உண்டு. அதை அவருடைய குடும்பத்தார் சுமக்க வேண்டும். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கொன்றவருக்கு நோய் என்று ஆனதும் கொல்லப்பட்டவரின் வீட்டார் வெறுங்கையோடு திரும்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தண்டனைதான் விலகுகிறது, இழப்பு விலகவில்லை. குடும்பத்தையும் அது உள்ளே இழுக்கிறது.

குடும்பம் என்றதும் நம் வீடுகள் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைக்கு இரவெல்லாம் தூக்கமில்லை, சுவரோடு பேசுகிறான், தன்னைக் கொல்ல ஆள் வருகிறது என்கிறான். உடனே ஓதிப் பார்க்க அழைத்து வருவார்கள். "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டால், "வெளியே தெரிஞ்சா தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது ஹஸரத்" என்பார்கள். பத்தாம் நூற்றாண்டிலேயே அபூஸைத் அல்பல்கீ உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்து மருத்துவ நூல் எழுதினார் என்று மேடையில் பெருமைப்படுகிறோம். வீட்டில் மாத்திரையை ஒளித்து வைக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. அவர்கள்தான் தாக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு கொலைக்கும் 'மனநோய்' என்று நாம் எளிதாகச் சொல்லும்போது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானவர்கள் மீது ஒரு கறை படிகிறது.

நம் நாட்டுச் சட்டம் கேட்பது

இந்தியச் சட்டம் நார்வேயின் பழைய சட்டத்தைவிடக் கண்டிப்பானது. 1843இல் லண்டனில் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்றார். ஆளுங்கட்சி தன்னைத் துரத்துகிறது என்ற மாயநம்பிக்கை அவருக்கு. அவர் விடுவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால், ஆங்கிலேய நீதிபதிகள் ஒரு விதியை வகுத்தார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு அதே வழியில் அமைந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக அது தொடர்கிறது.

மருத்துவச் சீட்டு மட்டும் அங்கே போதாது. செய்த அந்த நேரத்தில், என்ன செய்கிறோம் என்பதையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாத அளவுக்குப் புத்தி பிறழ்ந்திருக்க வேண்டும். அதைக் காட்டும் பொறுப்பு எதிரியுடையது. முன்பு எப்படி நடந்துகொண்டார், செய்யும்போது என்ன பேசினார், பிறகு ஓடினாரா, ஆயுதத்தை மறைத்தாரா என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். கோபக்காரர், முன்கோபி என்பதெல்லாம் இந்தப் பிரிவுக்குள் வராது.

2023 ஜூலை 31 விடியற்காலை ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில் நடந்ததை நாம் மறக்கவில்லை. பாதுகாப்புக்குப் போன ரயில்வே காவலர் ஒருவர் தம் மேலதிகாரியையும் மூன்று முஸ்லிம் பயணிகளையும் சுட்டுக் கொன்றதாக வழக்கு. இறந்து கிடந்தவரின் அருகில் நின்று அவர் அரசியல் பேசும் காணொளி நாடெங்கும் பரவியது. ரயில்வே தரப்பு அவருடைய மனநலக் கோளாறு பற்றி ஓர் அறிக்கை விட்டது, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. "ஆரம்பிச்சிட்டாங்க" என்றுதான் நாமெல்லாம் சொன்னோம். நானும் சொன்னேன். அக்டோபரில் தாக்கலான குற்றப்பத்திரிகை, அவர் தெரிந்தே செய்தார் என்கிறது. அவர் தரப்பு மனநோய் என்கிறது.

நீதிமன்றம் விடை காண வேண்டிய கேள்விகள் தெளிவானவை. பெட்டி பெட்டியாக நடந்து போனவர் எதைப் பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்? தாடியையும் உடையையும் பார்த்து ஒருவரைப் பிரித்தறிய முடிந்தவருக்கு, கையில் இருந்தது துப்பாக்கி என்று தெரியாமல் இருந்ததா? முன்பே சிகிச்சை பெற்றிருந்தால், அவர் கையில் ஆயுதம் கொடுத்தது யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் காவலர் அல்ல.